பாட்டே போடாமல் மிக்ஸர் வாங்குவது எப்படி

டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த். ஒரு கல்யாண ஹால். கெட்டிமேளத்துக்கு முன்னால், குருக்கள் மந்திரம் சொல்லட்டும் என்று நாதஸ்வரப் பதிவை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பட்டனான ஃபேடரை இறக்கினேன். பாட்டு நின்றது, ஸ்பீக்கர் நிற்கவில்லை. “ம்ம்ம்ம்” என்று ஒரு ரீங்காரம். முன்வரிசைப் பாட்டி ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டு எதையோ நான்தான் உள்ளே விட்டுவிட்டேன் என்பது போல ஒரு பார்வை.

அது பழைய டிஜே மிக்ஸர் (பாட்டுகளையும் மைக்கையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி), செகண்ட் ஹேண்ட். விற்றவர் ஒரு குத்துப்பாட்டை அலறவிட்டுக் காட்டினார், நான் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சத்தமாகப் பாடும்போது எல்லா மிக்ஸரும் நல்ல மிக்ஸர்தான்.

அதனால் இப்போது கடைக்குப் போனால் முதலில் பாட்டே போடுவதில்லை. என் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சேனல் (ஒவ்வொரு பாட்டும் உள்ளே வரும் தனித் தடம்) ஃபேடர்களை முழுக்க ஏற்றி, மாஸ்டரையும் (எல்லாம் சேர்ந்து வெளியே போகும் இடம்) ஏற்றி, சும்மா கேட்கிறேன். லேசாக “உஸ்” என்று வந்தால் பரவாயில்லை, அது எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். ரீங்காரமோ சிணுங்கலோ வந்தால் யோசியுங்கள். பிறகு ஒவ்வொரு குமிழாகத் திருகுங்கள். கரகரத்தால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. கடற்காற்று அடிக்கிற ஊர் இது, பழைய மிக்ஸரென்றால் பின்பக்க சாக்கெட்டுகளையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கடைப் பையன் ஒருமுறை, “அங்கிள், சத்தமே வரலையே, ரிப்பேரா?” என்று பதறிப்போய் ஓடிவந்தான்.

அடுத்து, ஒரு சேனலில் பாட்டை ஓடவிட்டு அதன் ஃபேடரை முழுக்க இறக்குங்கள். மாஸ்டரில் ஒரு துளிகூடக் கசியக் கூடாது.

இதெல்லாம் தேறினால்தான் பாட்டு. பென் டிரைவில் நீங்களே கொண்டுபோங்கள், தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக. வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைத்து மிக்ஸரைச் சோதிப்பது, ஊசிப்போன சாம்பாரை ஊற்றிவிட்டு இலையைக் குறை சொல்வது மாதிரி. 96 கிலோஹெர்ட்ஸ், 64 பிட் என்று பெட்டியில் என்ன போட்டிருந்தாலும், 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் தொலைந்துபோனது திரும்பி வராது.

நான் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று, இந்த டர்பன் டவுன்ஷிப்புகளிலேயே பிறந்த கொம் இசை (முதல் எழுத்துக்கு நாக்கைச் சொடுக்க வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை). அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும், ஒன்றின் வால் அடுத்ததில் ஒட்டக் கூடாது. இரண்டு, அமாபியானோ என்கிற தென்னாப்பிரிக்க நடன இசை. அதில் லாக் டிரம் என்கிற பேஸ் வழுக்கிக்கொண்டே போகும். கீழே இறங்கும்போது அது எந்தச் சுரம் என்று காதுக்குத் தெரிய வேண்டும், வெறும் “டொம்” ஆகக் கூடாது. மூன்று, நாதஸ்வரம். மட்டமான மிக்ஸரை இதுதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், ஏற்கெனவே கூரான சத்தம் ரம்பம் போல ஆகிவிடும்.

இந்த நாதஸ்வரத்துக்காகவே ஆலன் அண்ட் ஹீத் ஸோன் 92 மேல் எனக்கு ஒரு ஆசை. அனலாக் மிக்ஸர், ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) நான்கு பட்டை. நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்திருப்பதால், பாடுபவர் குரலின் கனத்தைத் தொடாமல் குத்துகிற இடத்தை மட்டும் குறைக்கலாம். பயனியர் டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2-இல் மூன்று பட்டைதான். ஆனால் ஒரு சுவிட்ச் உண்டு: ஈக்யூ பக்கம் வைத்தால் 26 டெசிபெல் வரை குறையும், ஐசொலேட்டர் பக்கம் வைத்தால் அந்தப் பட்டை முழுக்கவே அறுந்துவிடும். பேஸைத் திருகி இறக்கியும் அடி மெல்லக் கேட்கிறதே என்று ஒரு மிக்ஸரை ஒதுக்கும் முன், அது எந்த வகை என்று கேளுங்கள். பட்ஜெட் சின்னதென்றால் நான்கு சேனல் மட்டமானதைவிட இரண்டு சேனல் நல்லதே என் ஓட்டு. கல்யாணத்துக்கு அதற்கு மேல் வேண்டியது தனி ஈக்யூ உள்ள மைக் இன்புட் ஒன்றுதான்.

மீட்டர் (சத்த அளவைக் காட்டும் விளக்கு வரிசை) விஷயம் என் மச்சானுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது. சிவப்பு எரிந்தால்தான் அவனுக்குப் பார்ட்டி. அனலாக்கில் வரம்பைத் தாண்டினால் சத்தம் மெல்ல மெல்லக் கெடும், டிஜிட்டலில் சுவரில் மோதின மாதிரி ஒரேயடியாகக் கெடும். பூஜ்யத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, ஹாலுக்குப் போதவில்லை என்றால் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்பை ஏற்றுங்கள்.

இப்போது அந்த ரீங்காரம். ஃபேடரை இறக்கியும் அது அப்படியே இருந்தால், குற்றவாளி ஃபேடருக்குப் பின்னால் இருக்கிறான் என்று அர்த்தம். அன்று லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றது. சார்ஜருக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு ஒரு எர்த், நடுவில் என் மிக்ஸரும் 15 மீட்டர் ஆர்.சி.ஏ. வயரும். அந்த வட்டத்தில்தான் 50 ஹெர்ட்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய மிக்ஸரில் எக்ஸ்.எல்.ஆர். (மைக் வயரில் இருக்கும் மூன்று பின் வட்ட இணைப்பு) அவுட்டே கிடையாது. பேலன்ஸ்டு எக்ஸ்.எல்.ஆர். வயரில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகும். எதிர்முனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது, வழியில் இரண்டிலும் சமமாக ஒட்டிய இரைச்சல் அடிபட்டுவிடும். எனவே பின்பக்கத்தைத் திருப்பி மாஸ்டருக்கு எக்ஸ்.எல்.ஆர். இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ சுவிட்சும் இருந்தால் நல்லது, அகலமான ஹாலில் ஓரத்தில் சாப்பிடுகிறவருக்கும் முழுப் பாட்டு கேட்கும்.

சிலர் ரீங்காரத்தை நிறுத்த எர்த் பின்னையே கழற்றிவிடுவார்கள். இங்கே நம் ஊர் ஏசிக்குப் போடுகிற அதே தடித்த மூன்று பின் பிளக்தான், அந்தப் பெரிய பின் உயிரைக் காக்க இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். ஆடியோவுக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி, பாட்டு போகிற வயருக்கு நடுவில் போட்டால் போதும்.

லோட் ஷெடிங்கில் கரண்ட் போனால் முதலில் ஆம்ப் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் திரும்பியதும் மிக்ஸர் முதலில், ஆம்ப் கடைசியில்.

போன மாதம் மச்சானுக்கு மிக்ஸர் பார்க்கப் போனபோது பென் டிரைவோடு என் லேப்டாப்பையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையனுக்கு இப்போது என்னைத் தெரியும். ஒன்றும் கேட்காமல் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து நீட்டிவிட்டு, கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான்.