ஓவர்லோட் ரிலே மேல் குற்றமில்லை

திருகோணமலையில் கடற்கரையோர ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் 7.5 கிலோவாட் பம்ப் மோட்டார், ஓடி இருபது நிமிடத்தில் ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) விழுந்து நின்றுவிடும். "15 அம்பியர் செட்டிங்கை 20 ஆக்கிவிடு தம்பி" என்றார் அங்கிருந்த அண்ணன். நான் சம்மதிக்கவில்லை. அப்படிச் செய்தால் ஒருநாள் மோட்டாரின் வைண்டிங்கே எரிந்துபோகும்.

வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் 13, 14 அம்பியர்தான். 15-ஐத் தாண்டவில்லை. சரி, மோட்டார் அதிகம் இழுக்கவில்லை. அப்புறம் மோட்டார் ஓடும்போதே கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு முனையிலும் மேலுக்கும் கீழுக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தேன். இரண்டில் சில மில்லிவோல்ட். மூன்றாவதில் 3 வோல்ட்! அங்கே தொடர்பு சரியில்லை. 13 அம்பியரோடு பெருக்கினால் ஏறத்தாழ 40 வாட் சூடு. ஓவர்லோட் ரிலே, சூடானால் வளையும் பைமெட்டல் தகட்டால் வேலை செய்வது. அதை அப்படியே கான்டாக்டரின் கீழே மாட்டியிருந்தார்கள். அந்தச் சூடு இறங்கித்தான் ரிலே விழுந்திருக்கிறது.

மெயினை நிறுத்திப் பூட்டி, மின்சாரம் இல்லை என்று மீட்டரால் உறுதிசெய்த பிறகே கான்டாக்டரைக் கழற்றினேன். உப்புக்காற்றில் முனை பச்சை பூத்திருந்தது. புதுக் கான்டாக்டர் போட்டு, வயர் நுனியை வெட்டிப் புதிய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பு) அடித்தேன். கான்டாக்டர் இருந்த பெட்டியின் அடியில் திறந்து கிடந்த கேபிள் துளையையும் அடைத்தேன். கடற்காற்று நுழைந்த வழி அதுதான்.