வாரத்துக்கு நாலு மணி நேரம் ஆடுகிறவர் கேம் வாங்கும்போது செய்யும் தவறுகள்

வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் கன்ட்ரோலரை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ட்ரீம் செய்பவருக்கு ஒரு கேமை முதல் நாளே ஆடுவது பிழைப்பு. நமக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. ஆனாலும் கேம் கம்பெனிகள் நம்மிடம் விற்பதில் பாதி அவசரம்தான். அதற்குக் காசு கொடுப்பதை நிறுத்தினாலே பர்ஸ் பாதி தப்பிவிடும்.

முதலில் ப்ரீ-ஆர்டர். கேம் டிஸ்க்கில் மட்டும் வந்த காலத்தில், கடைக்குச் சரக்கு குறைவாக வரும், முன்பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்பதில் நியாயம் இருந்தது. டவுன்லோடு எங்கே தீரப்போகிறது? சைபர்பங்க் 2077 என்ற கேம் நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தபோது 80 லட்சம் பிரதிகள் ஏற்கெனவே முன்பதிவாகியிருந்தன. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். தாங்கள் எடுத்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 4-இல் எப்படி ஓடுகிறது என்பது பணம் கட்டியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது: முகங்கள் களிமண் போல மங்கலாக, நடுவில் கேமே மூடிக்கொண்டு. எட்டாவது நாள் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அதே கேம் பிரமாதம், தள்ளுபடியிலும் கிடைக்கிறது. பொறுத்திருந்தவர்கள் குறைந்த காசுக்கு நல்ல கேமை ஆடினார்கள்.

இதே அவசரத்தை 'பிரீமியம் எடிஷன்' என்ற பெயரிலும் விற்கிறார்கள். ஸ்டார்ஃபீல்டு கேமுக்குக் கூடுதல் பணம் கட்டியவர்கள் 5 நாள் முன்னால் ஆடலாம் என்றார்கள். கேம் தயாராகத்தான் இருந்தது, மற்றவர்களைச் சும்மா 5 நாள் வெளியே நிறுத்தி வைத்தார்கள் என்றுதானே பொருள்? பிழைகளைத் திருத்தும் பேட்ச் வருமுன் அவற்றைச் சந்திக்க நாம் எதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும்?

இதற்கு நேர்மாறான தவறு, தள்ளுபடி வந்தால் அள்ளிப் போடுவது. பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் சில மணி நேரம் மட்டும் நிற்கும் ஃப்ளாஷ் சேல் 2015-லேயே போய்விட்டது. சீசன் சேலில் முதல் நாள் விலைதான் கடைசி நாளும். அதனால் கடைசி நாள் வரை யோசிக்கலாம். ஸ்டீம்டிபி தளத்தில் ஒரு கேமின் பழைய ரூபாய் விலைகள் எல்லாம் இருக்கின்றன. 75 சதவீதம் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அங்கே ஒருமுறை சரிபார்த்தால் போதும். இன்னொன்று: ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். 'லீவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வாங்கிப் போட்டால் கேமைத் திறக்குமுன்னே அந்த வாய்ப்பு போய்விடும். வாங்கிய இரவே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

கேமின் நீளத்தைப் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. முதன்மைக் கதைக்கே 60 மணி நேரம் கேட்கும் கேம் என்றால் நம் கணக்கில் நாலு மாதம். நீளத்தைப் பெருமையாக விளம்பரம் செய்வார்கள், எனக்கு அது எச்சரிக்கைப் பலகை. அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் அனுபவப் புள்ளிகளை வேகமாக ஏற்றும் பூஸ்டரைத் தனியாக விற்றார்கள். மெதுவாகப் போகிறது என்று நான் அலுத்துக்கொண்டால் அதற்கு மருந்தும் அவர்களிடமே விற்பனைக்கு இருக்கிறது. அந்த மருந்தை வாங்காதீர்கள், கேமின் கடினத்தை 'ஈஸி'க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அடுத்தது, 'ஃப்ரீதானே' என்று இறங்குவது. பிஜிஎம்ஐ என்ற போன் கேமின் 'யூசி' தொடங்கி, எல்லாவற்றுக்கும் தனி நாணயம் இருப்பதற்குக் காரணம், செலவழிக்கும் நேரத்தில் ரூபாய் கண்ணில் படக்கூடாது என்பதுதான். கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்வோம். ரூபாய் கொடுத்து ஜெனசிஸ் கிரிஸ்டல் வாங்க வேண்டும். அதைப் பிரைமோஜெம்மாக மாற்ற வேண்டும். 160 பிரைமோஜெம் கொடுத்தால் ஒரு விஷ், அதாவது ஒரு குலுக்கல். மிக அரிதான 'ஐந்து நட்சத்திரம்' விழும் வாய்ப்பு ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீதம். 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம் என்கிறார்கள், ஆனால் அது நீங்கள் கேட்ட பாத்திரமாக இருக்க வேண்டியதில்லை. வேறு ஒன்று விழுந்தால் மறுபடி 90 வரை. அதிர்ஷ்டமே இல்லாதவருக்கு 180 குலுக்கல், 28,800 பிரைமோஜெம். அமெரிக்க விலையில் மிகப் பெரிய பேக், போனஸையும் சேர்த்து 8,080 கிரிஸ்டல், 99.99 டாலர். முதல் தடவை வாங்கும்போது கிடைக்கும் இரட்டிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரே ஒரு பாத்திரத்துக்கு 350 டாலருக்கு மேல் போய்விடும். நல்ல கேம்கள் ஐந்தாறு வரும் அந்தப் பணத்துக்கு.

இது என் புலம்பல் மட்டும் அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் செய்துகொண்ட சமரசத்தில் இந்த கேமின் வெளியீட்டாளர் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூட் பாக்ஸ், அதாவது என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுக்கும் குலுக்கல், விற்கக்கூடாது, நாணய மாற்று விகிதங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பெல்ஜியம் 2018-லேயே சில லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. காசே போடாமல் கென்ஷின் ஆடுங்கள், உலகம் அழகாகத்தான் இருக்கிறது. காசு போடுவதென்றால் பொத்தானை அழுத்துமுன் கால்குலேட்டரில் ரூபாய்க் கணக்குப் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் போனை எடுப்பார்கள் என்றால், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி ப்ளே ஸ்டோரில் மாற்றி வையுங்கள்.

இதுவரை பொறுமை, பொறுமை என்றேன். பொறுமை உதவாத இடமும் ஒன்று உண்டு. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-ல் வந்த கார் ரேஸ் கேம். தனியாக ஆடினாலும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31-க்குப் பிறகு சர்வரை மூடினார்கள், அலமாரியில் இருந்த டிஸ்க்கும் வீணாயிற்று. அதைத் தொட்டுத்தான் யூடியூபர் ராஸ் ஸ்காட், விற்ற கேமை இப்படிச் சாகடிக்கக்கூடாது என்று 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த இயக்கத்தின் மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஸ்டீமும் 2024 முதல், நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே சொல்கிறது. தனியாக ஆடும் கேம் என்றால், இன்டர்நெட் கட்டாயமா என்று ஸ்டோர் பக்கத்தில் பாருங்கள். ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் கிடைத்தால் அங்கேயே வாங்கி, இன்ஸ்டாலரை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

ஆன்லைனில் மட்டும் ஓடும் கேம்களுக்கு ஆயுள் கெட்டி என்று சொல்ல முடியாது. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. பணம் திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம். இந்த ரகத்தை மட்டும் சேலுக்காகக் காத்திருந்து வாங்கி அடுக்காதீர்கள். நண்பர்கள் இப்போது ஆடுகிறார்கள் என்றால் இப்போதே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.