புவெனஸ் ஐரிஸ்: பேட்டை பேட்டையாகச் சுற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

புவெனஸ் ஐரிஸ் மாநகரில் அதிகாரபூர்வமாக 48 பாரியோக்கள் உண்டு. நம்மூர்ப் பேட்டை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனி முகம். முதல்முறை போகிறவர்களின் பயணத் திட்டங்களைப் பார்த்தால், அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாஸ்போர்ட் நகல், வசதியான ஷூ போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறோம்.

சான் தெல்மோவிலிருந்து லா போகாவுக்கு நடந்தே போவது

பணமும் போனும் பறிபோகும் ஆபத்து இந்த வழியில் அதிகம். எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை என்பதுதான் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோவின் தெஃபென்சா தெருச் சந்தையைப் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தால் லெசாமா பூங்கா வந்துவிடும். அங்கே வரைபடத்தைத் திறந்தால் லா போகாவின் காமினித்தோ தெரு 2 கிலோமீட்டருக்குள்தான், ஏறக்குறைய நேர்வழி. அரை மணி நடைதானே என்று கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி கிளம்பிவிடுகிறார்கள்.

வரைபடம் தூரத்தைச் சொல்லும், தெருவின் குணத்தைச் சொல்லாது. வண்ணத் தகர வீடுகள் நிற்கும் காமினித்தோ சுமார் 150 மீட்டர் நீளமுள்ள வளைந்த சந்து. கைவிடப்பட்ட ரயில் தடத்தை ஓவியர் பெனித்தோ கின்கெலா மார்த்தினின் முயற்சியால் 1959இல் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கினார்கள். காவலர்களும் கூட்டமும் அதையும் ஒட்டிய சில தெருக்களையும் தாண்டுவதில்லை. அதற்கு வெளியே இருப்பது ஏழை உழைப்பாளிகளின் குடியிருப்பு. கூட்டமில்லாத தெருவில் கேமராவோடு தனியாக வரும் வெளியூர்க்காரர் தூரத்திலேயே அடையாளம் தெரிவார்.

என்ன செய்ய வேண்டும்? 29, 64, 152 எண் பேருந்துகள் லா போகாவுக்குப் போகின்றன. ஞாயிறன்று சந்தைக்காகத் தெஃபென்சாவில் வண்டிகளை விடமாட்டார்கள். கிழக்கே இரண்டு தெரு தள்ளி பசேயோ கொலோன் சாலைக்குப் போய் 152இல் ஏறுங்கள். ஏறியதும் இறங்குமிடத்தை ஓட்டுநரிடம் சொல்லுங்கள். தூரத்துக்கேற்ற கட்டணத்தை அவர் அமைத்த பிறகுதான் சுபே என்ற பயண அட்டையைக் கருவியில் வைக்க வேண்டும். மாலை 5 மணிக்குள் திரும்பிவிடுங்கள். போகா ஜூனியர்ஸ் கால்பந்து அணி லா போகாவில் உள்ள தன் சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் சாலைகளை அடைத்துப் பேருந்துகளைத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குப் போகவே வேண்டாம்.

இதற்காக லா போகாவையே விட்டுவிடாதீர்கள். ஜெனோவாவிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளர்கள் தகரமும் பலகையும் கொண்டு வீடு கட்டி, கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைப் பூசிய ஊர் அது. ஆற்றோரம் கின்கெலாவின் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ரிவதாவியாவை மறப்பது

நகரத்தின் முகவரிக் கணக்கு ரிவதாவியா சாலையிலிருந்து தொடங்குகிறது. அதைக் கடக்கும் வடக்கு–தெற்குத் தெருக்களுக்கு அங்கே பெயரே மாறிவிடும்: ஃபுளோரிதா தெற்கே பெரூ ஆகும், ரெகோன்கிஸ்தா தெஃபென்சா ஆகும், கயாவோ என்த்ரே ரியோஸ் ஆகும். எண்களும் அங்கிருந்து இரு திசையிலும் புதிதாகத் தொடங்கும். இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட துண்டுக்குக் குவாத்ரா என்று பெயர். ஒன்றுக்கு 100 எண்கள். தெஃபென்சா 1100 என்றால் ரிவதாவியாவிலிருந்து தெற்கே 11 குவாத்ரா. கணக்கு பிடிபட்டால் போனை வெளியே எடுக்கும் வேலையே குறையும்.

"பலெர்மோவில் சந்திப்போம்" என்பது

பரப்பளவில் மிகப் பெரிய பாரியோ அதுதான். அதன் பகுதிகளுக்குச் சொல்லும் சோஹோ, ஹாலிவுட் எல்லாம் வழக்கத்தில் வந்த பெயர்கள். குறுக்குத் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். ஒன்சே என்று எல்லோரும் சொல்லும் கடைவீதியும் தனி பாரியோ அல்ல, பால்வனேராவின் ஒரு பகுதி.

ஒரே ஞாயிறில் சான் தெல்மோவும் மத்தாதெரோஸும்

ஞாயிறு சந்தை கூடும் இந்த இரண்டு பாரியோக்களில் ஒன்று கிழக்கு ஓரம், மற்றது மேற்கு ஓரம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பேருந்து எண்ணை மட்டும் பார்ப்பது

ஒரே எண்ணில் பல கிளை வழிகள் உண்டு. முன்கண்ணாடிப் பலகையில் ஊர்ப்பெயரைப் படித்த பிறகே கையை நீட்டுங்கள். நீட்டாவிட்டால் வண்டி நிற்காது.

விடுமுறை நாளைப் பார்க்காமல் போவது

ரெகொலேத்தாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பலெர்மோவின் மால்பா கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்.