முழங்கால் குருத்தெலும்புக்குச் செல் வைத்தவர்கள் ஊருக்குப் போகும்போது

முழங்காலில் பழுதான குருத்தெலும்பைச் சரிசெய்ய, உங்கள் சொந்தக் குருத்தெலும்புச் செல்லைக் கொஞ்சம் எடுத்து, வெளியே வளர்த்து, பிறகு இன்னொரு சத்திரசிகிச்சையில் பழுதான இடத்தில் வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அந்தச் சத்திரசிகிச்சை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். செல் வைத்த இடம் தொடையெலும்பின் அடிமுனையா, முழங்கால் சில்லின் பின்பக்கமா? அடிமுனை என்றால் முதல் 8 முதல் 12 வாரம் வரை பாரம்தான் எதிரி, ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊன்ற விடுவார்கள். சில்லு என்றால் முழங்கால் மடங்காமல் பிடிக்கும் பட்டியால் (பிரேஸ்) காலை நேராகப் பூட்டிக்கொண்டு பெரும்பாலும் சீக்கிரமே நடக்கலாம், ஆனால் மடங்கிய காலில் பாரம் விழக்கூடாது, அதாவது படி, பதிந்த கதிரை, குந்துதல். யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு நாள் முழுக்க நாம் செய்வதே அதுதானே.

வலி போன கையோடு ஊருக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். சொந்தச் செல்லை வளர்த்து வைக்கும் இந்த முறையின் முதல் முடிவுகள் 1994இல் சுவீடனிலிருந்து வெளிவந்தன, அப்போதும் சரி இப்போதும் சரி, வைத்த செல் பாரம் தாங்கும் குருத்தெலும்பாக இறுக ஒரு வருடமாவது ஆகும், சிலருக்கு ஒன்றரை வருடம் தாண்டும். என் அபிப்பிராயத்தில் முதல் 3 மாதம் பயணமே வேண்டாம், நீண்ட விமானப் பயணத்தில் கால் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தும் அப்போதுதான் கூட. 6 மாதத்துக்குப் பிறகு, உங்கள் வைத்தியர் சரி என்றால் போகலாம். புகைப்பவர், உடம்பு பருத்தவர், காயம் பெரிதாக இருந்தவர், முன்பே எலும்பில் துளையிட்டுச் சிகிச்சை எடுத்துச் சரிவராமல் போனவர், வளைந்த காலை நிமிர்த்தாமல் விட்டவர் எல்லாரும் இன்னும் தள்ளிப்போடுவது நல்லது, இவர்களுக்கு ஆறுவதும் மெது, சிகிச்சை சரிவராமல் போகும் வாய்ப்பும் கூட.

இன்னொரு சாரார், செல் எடுத்தாயிற்று, வளர்ந்து வரச் சில வாரம் ஆகும், அதற்குள் நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள். வேண்டாம். நுளம்புக் கடியைச் சொறிந்து காலில் புண் வந்தாலே சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடும், வளர்த்து அனுப்பும் செல்லோ சில நாட்களுக்கு மேல் தாங்காது.

விமானத்தில் ஓர இருக்கை கேளுங்கள். கால் நீட்டலாம் என்று அவசரக் கதவுப் பக்கம் கேட்டால் ஊன்றுகோலோடு வருபவருக்குத் தரமாட்டார்கள். சக்கர நாற்காலியை 48 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு இரவு முழுக்க இருப்பதைவிட வாடகை வான் (வேன்) பிடித்து, இடையிடையே இறங்கி நடந்து போவது மேல்.

வீட்டில் முதல் நாளே கழிப்பறையைப் பாருங்கள். குந்தும் வகை என்றால் நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கதிரை ஒன்று வாங்கிப் போடச் சொல்லி முன்கூட்டியே போன் எடுத்துவிடுங்கள். கிணற்றடிச் சீமெந்தில் பாசி இருக்கும், வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கால் வழுக்கி முழங்கால் முறுகினால் ஒட்டிய திசு கிளம்பிவிடலாம். அப்புறம் பெரியம்மா பாய் போட்டு, "கீழ இருந்து சாப்பிடு பிள்ளை" என்பா. "ஒரு வருசத்துக்கு டொக்டர் விடமாட்டார் பெரியம்மா, கதிரை தாங்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். உண்மையான காரணத்தை விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும்.

நல்லூரில் திருவிழா நாட்களில் சுற்றுவீதிக்குள் வாகனம் போகாது, மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மணல் ஒவ்வொரு அடிக்கும் காலைத் திருப்பும், அதனால் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள், அங்கப்பிரதட்சணத்தை வேறொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம். நயினாதீவு போகிறவர்களுக்கு எனக்குப் பயம் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான்: படகு மேலும் கீழும் ஆடும், பின்னால் சனம் தள்ளும், ஒரு காலில் தொப்பென்று உள்ளே இறங்க வேண்டும். இருபக்கமும் ஆள் பிடிக்கட்டும். கீரிமலைக் கேணிப் படியும் ஈரம்தான்.

ஒவ்வொரு காலையும் இரண்டு முழங்காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீங்கியிருந்தால் நேற்று அளவுக்கு மீறிவிட்டீர்கள், அன்றைக்கு ஐஸும் ஓய்வும். திடீரென்று உள்ளே ஏதோ சிக்கிக் கால் பூட்டினாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், எண்ணெய் தேய்த்து உருவ யாரையும் விடாதீர்கள். சத்திரசிகிச்சை அறிக்கையையும் பிசியோ எழுதிக் கொடுத்த பயிற்சி அட்டவணையையும் போனில் படமாக வைத்திருந்தால், அங்குள்ள வைத்தியருக்கு எங்கே என்ன வைத்திருக்கிறது என்று வாயால் விளக்க வேண்டியதில்லை.