ஒரே திருமணம், ஒரே தேதி: துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுப்பு கிடைப்பது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும்தான். நம் பஞ்சாங்கத்தில் அவை ஆடியும் மார்கழியும். கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சேலமே திரண்டு நிற்கும் ஆடியில் யாரும் முகூர்த்தம் குறிப்பதில்லை, மார்கழியிலும் அப்படியே. ஆகவே பிள்ளை ஊரில் இருக்கும் பதினைந்து நாட்களுக்குள், "முதலில் பதிவை முடித்துவிடலாம், விசா வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், தை பிறந்ததும் மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்துகொள்ளலாம்" என்ற யோசனை வீட்டில் எழுகிறது. சேலம் அஸ்தம்பட்டியில் பல ஆண்டுகளாகத் துணைவர் விசா விண்ணப்பங்களை நிரப்பித் தரும் என்னிடம் வந்து சேர்ந்த சிக்கல்களில் மிகக் கடுமையானவை இந்த ஒரு யோசனையில்தான் தொடங்கின.

பதிவு வேறு, திருமணம் வேறு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்படி சடங்கு நடந்தால்தான் திருமணம். பதிவுச் சான்றிதழ் நடந்துவிட்ட திருமணத்துக்கு ஆதாரம் மட்டுமே. சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தச் சட்டப்படி கணவன் மனைவி ஆகமாட்டார்கள் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு விசாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுச் சடங்கைத் தள்ளிவைக்கும் வழக்கத்தையும் அதே தீர்ப்பு பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, காகிதங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கவனியுங்கள். ஆடியில் வாங்கிய சான்றிதழில் ஏதோ ஒரு கோயிலில் திருமணம் நடந்ததாக ஒரு தேதி இருக்கும். தை மாத அழைப்பிதழில் மாங்கல்ய தாரணம் என்று வேறொரு தேதி இருக்கும். நேர்காணலில் "எப்போது திருமணம் நடந்தது?" என்று கேட்டால் மாப்பிள்ளை ஒன்றைச் சொல்வார், பெண் மற்றொன்றைச் சொல்வார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு அது பொய்யாகத் தெரிகிறது.

அவசரம் உண்மையானது என்றால் வழி இருக்கிறது. இரு வீட்டுப் பெற்றோரும் கூடியிருக்க, கோயிலிலோ வீட்டிலோ எளிமையாகத் தாலி கட்டி முடித்துவிடுங்கள். கோயிலில் என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த நாளே திருமண நாள் என்று எல்லாக் காகிதத்திலும் எழுதுங்கள். தையில் ஊரைக் கூட்டிச் செய்வதை வரவேற்பு என்று அழைப்பிதழில் அச்சிடுங்கள். பெரியவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனாலும் அழைப்பிதழில் இரண்டாம் முறை முகூர்த்தம் என்று போட்டுவிட்டால், அந்த ஒரு வரியை விளக்குவதற்கே பல மாதங்கள் ஆகிவிடும். இல்லையென்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியே செல்லலாம். அங்கே அலுவலர் முன் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திடுவதே திருமணம். ஆனால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், மூன்று மாதங்களில் அந்த நோட்டீஸ் காலாவதியாகிவிடும் என்பதால், பதினைந்து நாள் விடுப்பில் வருபவருக்கு முன்கூட்டித் திட்டமிடாமல் இது கைகூடாது.

காணொளி வழித் திருமணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளை காணொளியில் தோன்றிச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் முடிக்க ஒரு வழக்கில் அனுமதித்தது உண்மைதான். இங்கே செல்லும் என்பதால் அங்கேயும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. மணமக்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை. கனடாவும் 2015 முதல் அத்தகைய திருமணத்தின் பேரில் துணைவரை அழைத்துக்கொள்ள விடுவதில்லை.

திருமணம் ஆகாமலே ஆனதாகக் காட்டுவதற்கு நேர் எதிரான தவறு நிச்சயதார்த்தத்தில் நடக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், தான் மணக்கவிருக்கும் பெண்ணைக் கே-1 விசாவில் அழைத்து, அவர் அங்கே இறங்கிய 90 நாட்களுக்குள் மணம் முடிக்கலாம். அந்த விசாவுக்கு இருவரும் இன்னும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். நம் பக்கத்திலோ, உப்புச் சர்க்கரை மாற்றி எளிமையாக முடிந்த நிச்சயம் இப்போது மேடை, பட்டு, மாலை, மோதிரம் என்று வளர்ந்துவிட்டது. படத்தைப் பார்க்கும் அதிகாரி "இது திருமணம்தானே?" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் 1967ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின் வழியே இந்துத் திருமணச் சட்டத்தில் வந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை அணிவித்தாலே, அல்லது மோதிரம் போட்டாலே, தமிழ்நாட்டில் இரண்டு இந்துக்களுக்கு இடையே திருமணம் நிறைவேறிவிடும். புரோகிதரும் வேண்டாம், தாலியும் வேண்டாம். நாம் பெருமைப்பட வேண்டிய சட்டம் அது. அதனால்தான், கே-1 வழியை நாடுகிறவர்கள் நிச்சயத்தில் மாலை மாற்றிக்கொள்வதையும் மோதிரம் மாற்றிக்கொள்வதையும் தவிர்த்து, தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

"பதிவு செய்யாத வரை திருமணம் ஆகவில்லை" என்ற நம்பிக்கை இதைவிடப் பெரிய இழப்பைத் தரும். அமெரிக்காவில் பச்சை அட்டை வைத்திருக்கும் பெற்றோர், மணமாகாத தம் வளர்ந்த பிள்ளைக்காக எஃப்2பி பிரிவில் மனுச் செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு இங்கே தாலி ஏறினால், பெற்றோர் குடியுரிமை பெறாதிருக்கும் வரை, அந்த மனு தானாகவே ரத்தாகிவிடும். பதிவு செய்யவில்லை என்பதால் அது பிழைக்காது, மறைத்தால் மோசடியாகிவிடும். கனடாவுக்கு நிரந்தரக் குடியிருப்பாளராகப் போகிறவர், அங்கே இறங்குவதற்கு முன் நடந்த திருமணத்தைத் தெரிவிக்காமல் விட்டால், பின்னர் அந்தத் துணைவரைக் குடும்பப் பிரிவில் அழைக்கும் தகுதியை இழக்க நேரலாம். விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் அவசரமாக நடத்தும் கல்யாணங்களில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருமணம் முடிந்தபின் பதிவைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் அடுத்த 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். தேவாலயப் பதிவேடோ ஜமாஅத் ஏடோ இருந்தாலும் இந்தப் பதிவும் வேண்டும். ஏற்காட்டு விடுதிகளில் மணம் முடிப்போர் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று குழம்புகிறார்கள். திருமணம் நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்றிருந்த விதி 2020இல் திருத்தப்பட்டு, மணமக்களில் ஒருவர் வசிக்கும் இடத்திலும் பதியலாம் என்றாகிவிட்டது. எங்கே பதிந்தாலும், மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

பெயரில் வரும் பிழை மிகச் சிறியதாகத் தெரியும். அலுவலகக் கணினியில் விவரங்களை ஏற்றும்போது திரையைக் கேட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டில் செந்தில்குமார் என்று ஒரே சொல்லாக இருக்கும். ஆதாரில் செந்தில் குமார் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். தமிழ்ச்செல்வியின் ழகரத்துக்கு ஓரிடத்தில் இசட்-எச், மற்றோரிடத்தில் எல். பழைய மதிப்பெண் பட்டியலில் ஒற்றை இனிஷியல். கடவுச்சீட்டில் அது அப்பாவின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர்ந்திருக்கும். சான்றிதழில் இருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி இருக்க வேண்டும். இனிஷியலை விரிக்கச் சொல்லிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சொந்தத்தில் மணம் முடிப்பவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் உறவுகள் நமக்கு முறை. இந்துத் திருமணச் சட்டமும் வழக்கத்தை மதித்து விலக்குத் தருகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடைப் பட்டியலிலோ அத்தை, மாமன் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விசாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் மேல் என்று யாரோ சொன்னதை நம்பி, முறைப்படி மணந்த மாமன் மகளை அந்தச் சட்டத்தில் பதியப்போனால், அங்கேயே தடை நிற்கும். போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: இங்கிலாந்தில் மாமன் மகளை மணக்கத் தடையில்லை, அக்காள் மகளை மணக்கத் தடை உண்டு, அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

மறுமணமாக இருந்தால் முதல் திருமணம் முடிந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பின் நகல் வேண்டும். பஞ்சாயத்தில் பேசி, முத்திரைத் தாளில் எழுதித் தீர்த்துக்கொண்டதை ஆதாரமாகக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரபுவழி மணமுறிவைச் சட்டம் முற்றிலும் ஒதுக்கவில்லை; ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு மரபு உண்டு என்று நீதிமன்றத்தில் நிறுவினால்தான் அதற்கு உயிர். அந்தத் தாளை நம்பித் தாலி கட்டியவரின் துணைவர் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, இரண்டாம் திருமணமே செல்லாததாகிவிடும் அபாயமும் உண்டு.

படங்களைப் பொறுத்தவரை, ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் எடுத்த ஜோடிப் படங்கள் அழகாக இருக்கும். அவை எதற்கும் ஆதாரம் ஆகா. தாலி கட்டும் நொடி, இரு வீட்டுப் பெற்றோரும் மணமக்களோடு நிற்பது, பந்தியில் உறவினரோடு அமர்ந்திருப்பது ஆகியவை வேண்டும்.

பணமும் பரிசோதனையும் அந்தந்த நாட்டின் கணக்கு. பிரித்தானியா 2024 ஏப்ரல் 11 முதல், அழைப்பவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை 29,000 பவுண்டாக உயர்த்தியது. இந்தியாவிலிருந்து போகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், அது ஆறு மாதமே செல்லும் என்பதால் முந்திக்கொண்டு எடுத்துவிடக் கூடாது.

ஆவணம் வெளிநாட்டில் செல்ல வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரை எல்லா நாட்டுக்கும் தேவை என்று எண்ணிச் செலவழிக்கிறார்கள். அமெரிக்க, பிரித்தானியத் துணைவர் விசாக்கள் அதைக் கேட்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். அமீரகம் போகவிருந்த என் தங்கை மகளின் சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே, நனைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் மாப்பிள்ளையின் அப்பா அதைக் கனமான லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். முத்திரைக்கு எடுத்துச் சென்ற இடத்தில், அலுவலர் அந்த வழவழப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காது, பின்பக்கத்தில் கையெழுத்திடவும் இடமில்லை. பிரிக்க முயன்றதில் தாளின் ஓரம் கிழிந்தது. மீண்டும் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் பெறும் வரை அவள் பயணம் நின்றது. பதியும் அன்றே சான்றிட்ட நகல் இரண்டு மூன்றாகக் கேட்டு வாங்கி, திறந்து மூடும் சாதாரண உறையில் வைத்துக்கொண்டால் போதும்.