காண்டம் கிழிஞ்சிடுச்சா? மொதல்ல மணியைப் பாருங்க

காண்டம் கிழிஞ்சிடுச்சு, இல்ல போடவே இல்ல, மறுநாள் காலைல வயித்துல புளியைக் கரைக்குது. இந்த நேரத்துல எல்லாரும் பண்றது கூகுள்ல எச்ஐவி அறிகுறி தேடுறதுதான். தேடாதீங்க ப்ளீஸ். காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு எல்லாம் சாதா வைரல் ஃபீவர்லயும் வரும், அதை வெச்சு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது. நடந்து எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு மட்டும் பாருங்க.

72 மணி நேரம் தாண்டலன்னா எச்ஐவி தொத்தாம தடுக்க பெப்னு ஒரு மாத்திரை கோர்ஸ் இருக்கு, 28 நாள், இங்க பெரும்பாலும் டிஎல்டிங்கிற ஒரே மாத்திரையா தினம் ஒண்ணு. எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்ளோ நல்லது. வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததை திங்கக்கிழமை லீவு போட்டு பாத்துக்கலாம்னு விட்டா முக்காவாசி நேரம் அப்பவே போயிருக்கும், அதனால ராத்திரியா இருந்தாலும் பெரிய ஜிஹெச் கேஷுவாலிட்டிக்கு போய் கேளுங்க, அங்க சரியா பதில் வரலன்னா தொற்றுநோய் டாக்டர் இருக்கிற பிரைவேட் ஆஸ்பத்திரி. மாத்திரை கூடவே கால்சியம், அயர்ன், ஜெலுசில் மாதிரி எதையும் போடாதீங்க, மருந்து உடம்புல சரியா சேராது. இதை நிறைய பேர் சொல்றதே இல்ல.

எல்லாருக்கும் பெப் தேவையான்னா, இல்ல. முத்தம், கையால தொட்டது, காண்டம் கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சு, இதுக்கெல்லாம் வேணாம். பார்ட்னருக்கு எச்ஐவி இருந்தும் ஒழுங்கா ஏஆர்டிங்கிற எச்ஐவி மருந்து எடுத்து, ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு (வைரல் லோட்) டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு குறைஞ்சிருந்தா, செக்ஸ் மூலமா பரவாது. எச்ஐவி இருந்தும் மருந்து எடுக்காதவங்களோட காண்டம் இல்லாமன்னா, 10,000 தடவைக்கு எத்தனை தடவை தொத்தும்னு பாத்தா, யோனி உறவுல ஆணுக்கு சுமார் 4, பெண்ணுக்கு 8, ஆசனவாய் உறவுல உள்ள வாங்குறவங்களுக்கு 138. வாய் வழியா ரொம்ப ரொம்ப கம்மி. புண்ணோ வேற பால்வினை நோயோ இருந்தா இந்த கணக்கு ஏறும்.

அடுத்து டெஸ்ட். மறுநாளே எடுத்து நெகட்டிவ்னு நிம்மதியானா அது பழைய கதைக்குத்தான் பதில், நேத்து ராத்திரிக்கு இல்ல. ஆனா பெப் ஆரம்பிக்கும்போது அந்த முதல் டெஸ்ட் கண்டிப்பா வேணும். லேப்ல ரத்த நாளத்துல எடுத்து பண்ற ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட் 45 நாள்ல கிட்டத்தட்ட முடிவா சொல்லிடும், விரல்ல குத்துற ரேபிட் கிட்னா 90 நாள். பெப் எடுத்திருந்தா கோர்ஸ் முடிஞ்சப்புறம்தான் இந்த கணக்கு ஓடும், அதனால டாக்டர் சொன்ன தேதியை காலண்டர்ல குறிச்சுக்கோங்க. சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி டெஸ்டும் சேர்த்தே எடுத்துடுங்க.

எங்க எடுக்கிறது? ஜிஹெச்ல நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், அங்க ஃப்ரீ, கவுன்சிலர் பேசிட்டுத்தான் ரத்தம் எடுப்பாங்க. 2017 எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ணவோ ரிசல்ட்டை வெளிய சொல்லவோ கூடாது. போக கூச்சமா இருந்தா மொதல்ல 1097க்கு போன் போட்டு பேசுங்க, அதுவும் ஃப்ரீதான். கிட்ல ஒரு தடவை பாசிட்டிவ் காட்டினா அதோட முடியாது, வேற வேற கிட்ல மூணு தடவை பாத்துட்டுத்தான் உறுதி பண்ணுவாங்க.

இன்னொண்ணு, டெஸ்ட் ஃப்ரீயா ஆயிடும்னு ரத்ததானம் பண்ண மட்டும் போயிடாதீங்க. எச்ஐவி தொத்தி டெஸ்ட்ல தெரியிற வரைக்கும் இருக்கிற இடைப்பட்ட நாள்ல மெஷினுக்கே தெரியாது, அந்த ரத்தம் யாருக்கோ ஏறிடும்.