குக்கீ காய்ந்து போவதற்கு நாம் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் சுட்ட குக்கீயைத் தட்டில் போட்டபோது 'டக்' என்று சத்தம் வந்தது. கடித்தால் வாயில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தொண்டையில் போய் நின்றது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கேட்டார்கள். அடுத்த முறை வெண்ணெயைக் கூட்டினேன், குக்கீ பரந்து அப்பிக்கொண்டது. அதற்கடுத்த முறை பால் ஊற்றினேன், கேக் மாதிரி உப்பியது. வறட்சி மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், சேர்த்த பொருள் எதிலும் குறையில்லை. கப்பில் மாவை அள்ளிய விதமும், ஓவனில் கூடுதலாக விட்ட 3 நிமிடமும்தான் அத்தனைக்கும் காரணம்.

இங்கே வறட்சி என்று நான் சொல்வது மொறுமொறுப்பை அல்ல. நன்றாகச் சுட்ட மொறுமொறு குக்கீ கடித்தவுடன் உடைந்து வாயில் கரையும். வறண்ட குக்கீ பொலபொலவென்று மாவாக உதிரும், அல்லது கல் மாதிரி இறுகிக் கிடக்கும். இரண்டிலும் மென்ற பிறகு வாயில் மாவுதான் மிஞ்சும். மெத்தென்ற குக்கீ செய்ய நினைத்து இது வந்தால், கீழே உள்ள தவறுகளில் ஒன்றிரண்டாவது நடந்திருக்கும்.

மாவை அள்ளும் விதம்

'ஒரு கப் மைதா' என்று குறிப்பில் இருக்கும். கப்பை டப்பாவுக்குள் விட்டு ஒரே அள்ளாக அள்ளி, டப்பாவின் ஓரத்தில் தட்டிச் சமன் செய்வது நம்மில் பலருக்குப் பழக்கம். அப்படி அள்ளும்போது மாவு அமுங்கிக் கப்புக்குள் இறுகுகிறது. எடை போட்டால் 140 கிராமுக்கு மேல் போகும், சில சமயம் 150-ஐயும் தாண்டும். ஆனால் குறிப்பு எழுதியவர் பெரும்பாலும் 120 முதல் 125 கிராம் வரை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார். இரண்டு கப் மைதா கேட்கும் குறிப்பில் 50 கிராம் கூடிவிட்டால், கிட்டத்தட்ட அரை கப் மாவு இனாமாகப் போட்ட மாதிரி. அந்த மாவு சும்மா இருக்குமா? வெண்ணெயிலும் முட்டையிலும் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும்.

இதை ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். ஒரு கப்பை நேராக அள்ளித் தட்டி எடை போடுங்கள். அப்புறம் டப்பாவில் உள்ள மாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்தி, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, அமுக்காமல் கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு எடை போடுங்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு கப்பை நம்பத் தோன்றாது. சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குவதுதான் என் கட்சி. வேறு எந்தப் பேக்கிங் சாமானும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

மாவு சம்பந்தமாக இன்னும் இரண்டு. மைதா கேட்கும் இடத்தில் முழுக் கோதுமை மாவை அதே அளவு போட்டால், அதில் உள்ள தவிடு கூடுதல் ஈரத்தை இழுக்கும்; கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். சாக்லேட் குக்கீ ஆக்கலாம் என்று குறிப்பில் இல்லாத கோகோ பவுடரைச் சேர்ப்பவர்கள், அதே எடைக்கு மைதாவைக் கழிக்க வேண்டும். கோகோவும் ஈரத்தை நன்றாக இழுக்கும் சமாச்சாரம்.

'இன்னும் வேகலையே' என்ற சந்தேகம்

குக்கீயைக் கெடுப்பதில் இதுதான் முதலிடம். ஓவன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். நடுவில் கொஞ்சம் பளபளப்பாக, தொட்டால் அமுங்கும் போல இருக்கிறது. இன்னும் ரெண்டு நிமிடம் இருக்கட்டும் என்று விடுகிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் காரியம் கெட்டுவிடும்.

வெளியே எடுத்த பிறகும் குக்கீ வெந்துகொண்டேதான் இருக்கும். ட்ரே சூடு, குக்கீயின் உள்சூடு இரண்டும் சேர்ந்து நடுப்பகுதியை முடித்துவைக்கும். ஓவனுக்குள்ளேயே முழுசாக வெந்து தெரிகிற குக்கீ, ஆறும்போது அளவைத் தாண்டிவிடும். எடுக்க வேண்டிய நேரத்துக்கு அடையாளம் இது: ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு இறுகி, லேசாகப் பொன்னிறம் தட்டியிருக்கும், நடுப்பகுதி வெளிறி, மெதுவாகப் புடைத்து, பாதி வெந்த மாதிரி இருக்கும். மனசு கேட்காது, இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 180 டிகிரி செல்சியஸில் 20-25 கிராம் உருண்டைக்கு 8 முதல் 10 நிமிடம், 40 கிராம் உருண்டைக்கு 10 முதல் 12 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. குறிப்பில் உள்ள நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே டைமர் வைத்து, பிறகு கண்ணால் முடிவு செய்வது நல்லது.

எடுத்த உடனே எடுத்துக் கடிக்கத் தோன்றும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது குக்கீ கையில் நிற்காமல் உடையும். அதைப் பார்த்து வேகவில்லை என்று திரும்ப ஓவனில் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ட்ரேயிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். முழுசாக ஆறும்வரை ட்ரேயிலேயே விட்டால் அடிப்பக்கம் கூடுதலாகக் காயும். ஒரு நிமிடம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால், அந்த 5 நிமிடமும் வேண்டாம்: பட்டர் பேப்பரோடு சேர்த்து இழுத்து உடனே ட்ரேயிலிருந்து இறக்கிவிடுங்கள். ட்ரே சூடு போனால் மேற்கொண்டு வேகாது.

ஓவன் சொல்வதும் முழு உண்மை இல்லை. குமிழை 180-இல் திருப்பினால் உள்ளே 195 இருக்கும், சிலதில் 165 இருக்கும். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் உங்கள் ஓவனின் குணம் தெரிந்துவிடும். விசிறி ஓடும் ஓவன் என்றால் குறிப்பில் உள்ள சூட்டில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். 350 என்று போட்டிருந்தால் அது பாரன்ஹீட், நமக்கு ஏறக்குறைய 177 செல்சியஸ். கறுப்பு ட்ரே வெப்பத்தை அதிகம் வாங்கி அடியைச் சீக்கிரம் சிவக்க வைக்கும், அதில் சுடும்போது ஒரு நிமிடம் முன்னதாகவே எட்டிப் பாருங்கள். உருண்டைகள் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொல்லை. பெரியது வேகக் காத்திருக்கும்போது சின்னது காய்ந்துவிடும்.

சர்க்கரையைக் குறைப்பது

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு இது. சர்க்கரை குக்கீக்கு இனிப்பு மட்டும் தருவதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வெந்தபோது மாவு பரவுவதற்கும் உதவுகிறது. அதைப் பாதியாக வெட்டினால் பரவாமல் உருண்டையாகவே நின்று, உள்ளே வறண்டு போகும். ஐந்தில் ஒரு பங்கு வரை நான் குறைப்பதுண்டு, அதற்கு மேல் கை வைப்பதில்லை. இனிப்பு அதிகம் என்று பட்டால் குக்கீயைச் சின்னதாகச் சுடலாமே.

எந்தச் சர்க்கரை என்பதும் முக்கியம். வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பைத் தரும். பிரவுன் சுகரில் மொலாசஸ் (சர்க்கரை எடுக்கும்போது மிஞ்சும் கெட்டியான கரும்புப் பாகு) இருப்பதால் ஈரம் தங்கும், குக்கீ மெத்தென்று வரும். வெறும் வெள்ளைச் சர்க்கரை போட்டுச் செய்து மெத்தென்று வரவில்லையே என்றால், அடுத்த முறை அதில் பாதியைப் பிரவுன் சுகராக மாற்றிப் பாருங்கள். அது இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் தேன் போதும். ஆனால் தேன் சேர்த்தால் சீக்கிரம் சிவக்கும்.

வெண்ணெயும் முட்டையும்

வெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு தண்ணீர். வாசனைக்காக வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கிச் சேர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சடசடவென்று பொரிகிற சத்தம் அந்தத் தண்ணீர் ஆவியாகிற சத்தம்தான். 100 கிராம் வெண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் போய்விடும், அதைப் பாலாகவோ தண்ணீராகவோ திருப்பிச் சேர்க்க வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் நெய் போட்டாலும் இதே கணக்குதான். வெண்ணெய்க்குப் பதில் பிரெட்டில் தடவும், கொழுப்பு குறைந்த ஸ்ப்ரெட் வகையறாக்களைக் குக்கீ பக்கம் கொண்டு வர வேண்டாம்.

முட்டையில் மஞ்சள் கருவில்தான் கொழுப்பு இருக்கிறது. வெள்ளைக் கரு பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். வெந்ததும் அந்தப் புரதம் இறுகிவிடும். ஈரம் வேண்டும் என்று முழு முட்டை ஒன்றைக் கூடுதலாக உடைத்து ஊற்றினால் கேக் மாதிரி வரும். மஞ்சள் கருவை மட்டும் ஒன்று கூடப் போட்டால் மென்மை வரும். மைதா சேர்த்த பிறகு போட்டு அடிக்காமல், வெள்ளை மாவு கண்ணில் தெரியாத அளவுக்குக் கலந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சுடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்

ஓவனுக்குப் போகும் முன் கொஞ்சம் மாவை உருட்டி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்குங்கள். ஓரங்களில் வெடிப்பு விட்டால் மாவு வறட்சியாக இருக்கிறது. உருட்டவே வராமல் உதிர்ந்தால் கேட்கவே வேண்டாம். பதறாமல், ஒரு டீஸ்பூன் பால் தெளித்துக் கலந்து, திரும்ப உருட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு டீஸ்பூன். மாவு கூடிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் பாலைவிட மஞ்சள் கரு ஒன்றோ, மெத்தென்ற வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனோ நல்ல பலன் தரும்.

அப்புறம் ஒரே ஒரு குக்கீயை மட்டும் சுட்டுப் பாருங்கள். ஒற்றைக் குக்கீக்காக ஓவனைச் சூடாக்குவதா என்று தோன்றும். எப்படியும் சூடாக்கத்தானே போகிறோம். அது ஆறியதும் கடித்துப் பார்த்தால் நேரத்தைக் குறைக்கலாமா, மாவைச் சரி செய்யலாமா என்பது தெரிந்துவிடும். மீதி 20 உருண்டையும் தப்பிக்கும். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு நான் முழு ட்ரேயைக் கெடுத்தது கிடையாது. மாவை மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்துச் சுட்டாலும் நல்லதுதான், மைதா ஈரத்தை ஒரே சீராக இழுத்துக்கொள்ளும்.

சுட்ட பிறகு காய்ந்துவிட்டால்

நன்றாக வந்த குக்கீயும் திறந்த தட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் காய்ந்திருக்கும். முழுசாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். சூடாகவே மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொதசொதத்துவிடும். மெத்தென்ற குக்கீயையும் மொறுமொறு குக்கீயையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. ஒன்றின் ஈரம் மற்றதற்குப் போய் இரண்டும் கெடும்.

இறுகிப்போன குக்கீயை மீட்க, டப்பாவுக்குள் ஒரு பிரெட் துண்டை வைத்து மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பிரெட் வறண்டிருக்கும், குக்கீ இளகியிருக்கும். பிரெட்டின் ஈரத்தைக் குக்கீயில் உள்ள சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. பிரெட்டை மட்டும் தினம் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். உடனே சாப்பிட வேண்டுமா? ஈரமாகப் பிழிந்த டிஷ்யூவைப் போர்த்தி மைக்ரோவேவில் 10 நொடி. ஆனால் இது அப்போதைக்குத்தான். ஆறினால் முன்பைவிட மோசமாக இறுகும்.

அளவுக்கு மீறி வெந்து காய்ந்ததை இந்த வித்தை எதுவும் முழுசாக மீட்காது. அதைப் பொடித்து, 200 கிராம் பொடிக்கு 100 கிராம் உருக்கிய வெண்ணெய் கலந்து, தட்டில் அழுத்தினால் சீஸ்கேக்கின் அடித்தளம் ஆகிவிடும். அதற்கு வறண்ட குக்கீதான் தோதானது. அதற்கும் நேரமில்லை என்றால் ஐஸ்கிரீம் மேல் தூவிக் கொடுத்துவிடுங்கள், யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள்.